சென்னை – லண்டன்: தொலைவு ஒன்று, நேரம் பல

இரண்டு விமான நிலையங்களின் பெயர்களைக் கொடுத்தால் அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவையும் பறக்கும் நேரத்தையும் நொடியில் சொல்லிவிடும் கணக்கிகள் இணையத்தில் நிறைய உள்ளன. சென்னை, லண்டன் ஹீத்ரோ என்று கொடுத்தால் சுமார் 8,235 கிலோமீட்டர் என்றும், ஒன்பதரை அல்லது பத்து மணி நேரம் என்றும் விடை வரும். இரண்டு எண்களும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்பதால், இரண்டும் ஒரே அளவுக்கு உறுதியானவை என்ற எண்ணம் படிப்பவருக்கு ஏற்படுகிறது. முதல் எண் வடிவியல் தரும் விடை. அது நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றுதான். இரண்டாவது எண்ணோ, அந்தத் தொலைவை ஏதோ ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரை மணி நேரத்தைக் கூட்டிச் சொல்லும் ஊகம். அந்த ஊகத்துக்குள் காற்று இல்லை, மூடப்பட்ட வான்வெளி இல்லை, ஹீத்ரோவுக்கு அருகே விமானம் வட்டமடித்துக் காத்திருக்கும் நிமிடங்களும் இல்லை. பயணிக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது எண்தான் என்பதால், அது எவற்றால் ஆனது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தொலைவுக் கணக்கு எளிமையானது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி ஒரு குறிப்புப் புள்ளி வரையறுக்கப்பட்டு, அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதிகாரபூர்வமாக வெளியிடப்படுகின்றன. சென்னையின் புள்ளி வடக்கே 13 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் கிழக்கே 80.17 பாகையிலும் இருக்கிறது. ஹீத்ரோவின் புள்ளி வடக்கே 51.47 பாகையில், கிரீன்விச் கோட்டுக்குச் சற்று மேற்கே இருக்கிறது. இவ்விரு புள்ளிகளையும் பூமியின் மையத்தையும் சேர்த்து ஒரு தளத்தால் வெட்டினால், அந்தத் தளம் பூமியின் மேற்பரப்பில் வரையும் கோடே பெருவட்டம். இரண்டு ஊர்களுக்கு இடையே அதைவிடக் குறுகிய வழி இல்லை. சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே அந்த வட்டத்தின் வில் பூமியின் மையத்தில் 74 பாகைக் கோணத்தை அடைக்கிறது. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்ற கணக்கில் 8,235 கிலோமீட்டர் கிடைக்கிறது. விமானிகள் பயன்படுத்தும் அலகில் இது சுமார் 4,450 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். பூமி சரியான கோளம் அன்று என்பதால், அதாவது நடுக்கோட்டில் 6,378 கிலோமீட்டராக இருக்கும் ஆரம் துருவத்தில் 6,357 ஆகக் குறைவதால், கோளமாகக் கொண்டு போட்ட கணக்கு அரை சதவீதம் வரை பிசகலாம். ஒரே இரண்டு ஊர்களுக்கு இரண்டு இணையதளங்கள் பத்து இருபது கிலோமீட்டர் வித்தியாசத்தில் விடை சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுவே. அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

தட்டையான உலகப் படத்தில் அளவுகோலை வைத்துச் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கோடு இழுத்தால், அது அரபிக் கடல், பாரசீக வளைகுடா, ஈராக், சிரியா, துருக்கி வழியாகப் போகும். அந்தக் கோட்டின் உண்மையான நீளம் சுமார் 8,480 கிலோமீட்டர். அதாவது பெருவட்டத்தைவிட ஏறத்தாழ 250 கிலோமீட்டர் அதிகம். பெருவட்டமோ சென்னையிலிருந்து நேராக வடமேற்காகக் கிளம்பி, வட கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் என்று ஏறி, பாகிஸ்தானின் சிந்து, பலுசிஸ்தான் பகுதிகளைக் கடந்து, ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலையைத் தொட்டு, கிழக்கு ஈரானுக்குள் நுழைகிறது. பிறகு காஸ்பியன் கடலின் தென்பகுதி, அஜர்பைஜான், ரஷ்யாவின் காகசஸ் பகுதி, அசோவ் கடல், கிரிமியாவின் ஓரம், உக்ரைனின் முழு அகலம், போலந்து, ஜெர்மனி என்று போய் லண்டனில் முடிகிறது.

இந்தப் பட்டியலை மெதுவாக ஒரு முறை படித்தால் சிக்கல் புலப்படும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்ட, அல்லது விமான நிறுவனங்கள் தாமாகவே ஒதுக்கிய வான்வெளிகளை ஒரு நூலில் கோத்தால் என்ன கிடைக்குமோ, அதுதான் சென்னை–லண்டன் பெருவட்டம். வேறு பல தடங்களில் குறுகிய வழிக்கும் பறக்கும் வழிக்கும் உள்ள வேறுபாடு அற்பமானது. இங்கே அந்த வேறுபாடே கதையின் பாதி.

1944ஆம் ஆண்டு சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் விதியே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, பிறருக்கு இடமில்லாத இறையாண்மை உண்டு என்று சொல்கிறது. கடலில் ஒரு கப்பலுக்கு இருக்கும் சுதந்திரம் நிலத்தின் மேல் பறக்கும் விமானத்துக்கு இல்லை. கீழே இருக்கும் நாடு அனுமதிக்க வேண்டும். அனுமதித்த பிறகு, விமானத்தின் எடைக்கும் கடந்த தொலைவுக்கும் ஏற்ப, வழிகாட்டும் சேவைக்குக் கட்டணமும் வாங்கும். அனுமதியைத் திரும்பப் பெறவும் அதனால் முடியும். 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனின் மேல் மலேசியா ஏர்லைன்ஸின் எம்.எச்.17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, போர் நடக்கும் நிலத்துக்கு மேலே பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறப்பது ஆபத்தில்லை என்ற பழைய நம்பிக்கை போய்விட்டது. 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் ஈரானிய ஏவுகணைக்கு இரையானது. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனின் வான்வெளி முழுவதும் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அடுத்த சில நாட்களில் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு ரஷ்யாவின் வானும் மூடியது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேலின் தாக்குதல் தொடங்கியதும் ஈரான் தன் வான்வெளியை மூடியது.

பாகிஸ்தான் தனிக் கதை. 2019 பிப்ரவரி 27 அன்று பாலாகோட் தாக்குதலை ஒட்டி அது வான்வெளியை மூடி, ஜூலை 16 அன்றுதான் முழுவதுமாகத் திறந்தது. ஏறக்குறைய ஐந்து மாதம். அந்த ஆண்டு ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு என்று விமானப் போக்குவரத்து அமைச்சர் மாநிலங்களவையில் தெரிவித்தார். டெல்லியிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேரடியாகப் பறந்துகொண்டிருந்த இண்டிகோ, சுற்றுவழிக்கு எரிபொருள் போதாமல் தோஹாவில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனது. அந்த ஐந்து மாதத்தில் டெல்லிக்கும் இஸ்தான்புல்லுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கேட்டவர்களுக்குக் கணக்கிகள் வழக்கமான அதே எண்ணைத்தான் சொல்லியிருக்கும். 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் மீண்டும் இந்திய விமானங்களுக்குக் கதவடைத்தது. இந்தியாவும் சில நாட்களில் பதிலுக்கு மூட, இரு தரப்புத் தடையும் மாதம் மாதமாக நீட்டிக்கப்பட்டு வந்தது. தடை இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்குத்தான். ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே, ஒரே நாளில், வாலில் எந்தக் கொடி வரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு விமானம் ஒரு வழியாகவும் இன்னொன்று வேறு வழியாகவும் பறக்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

அப்படியானால் சென்னையிலிருந்து கிளம்பும் விமானம் எந்த வழியாகத்தான் போகிறது? பொதுவாக இரண்டு தாழ்வாரங்கள் உண்டு. வடக்குத் தாழ்வாரம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், துர்க்மெனிஸ்தான் வழியாகக் காஸ்பியன் கடலைக் கடந்து, அஜர்பைஜான், ஜார்ஜியா என்ற குறுகிய இடுக்கில் நுழைந்து, கருங்கடலின் மேல் ருமேனியா பக்கம் வெளிப்படுகிறது. வடக்கே ரஷ்யா, தெற்கே ஈரான். இடையே அந்தச் சின்ன நாடுகள் இரண்டும் ஆசிய–ஐரோப்பியப் போக்குவரத்தின் பெரும்பங்கைச் சுமக்கின்றன. தெற்குத் தாழ்வாரம் அரபிக் கடலைக் கடந்து ஓமான், சவூதி அரேபியா, எகிப்து, மத்தியதரைக் கடல் என்று போகிறது. சென்னையிலிருந்து மஸ்கட், அங்கிருந்து கெய்ரோ, அங்கிருந்து ஹீத்ரோ என்று மூன்று பெருவட்டத் துண்டுகளாகக் கணக்கிட்டால் மொத்தம் சுமார் 8,880 கிலோமீட்டர் வருகிறது. பெருவட்டத்தைவிட 640 கிலோமீட்டர் கூடுதல். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அது முக்கால் மணி நேரம். எந்தத் தாழ்வாரம் என்பதை, புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அன்றைய எச்சரிக்கை அறிவிப்புகளையும் காற்றையும் கட்டணத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்து விமான நிறுவனத்தின் திட்டப் பிரிவு முடிவு செய்கிறது.

வடக்கு வழியில் இன்னொரு நெருக்கடியும் வெகுநாளாக உண்டு. தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. அதிகாலையில் ஐரோப்பாவில் இறங்கினால்தான் அங்கிருந்து அடுத்த விமானங்களைப் பிடிக்க முடியும் என்பதால் யாருக்கும் வேறு நேரம் பிடிப்பதில்லை. அவை எல்லாம் ஒரே சமயத்தில் ஆப்கானிஸ்தானின் வாசலில் போய் நிற்கும். அங்கோ ராடார் வசதி குறைவு என்பதால் விமானங்களுக்கு இடையே அதிக இடைவெளி விட வேண்டியிருந்தது. இதைச் சமாளிக்க 2007இல் பாங்காக்கிலிருந்து இயங்கும் ஒருங்கிணைப்பு முறை ஒன்று தொடங்கப்பட்டது. காபூல் வான்வெளிக்குள் இன்ன உயரத்தில் இன்ன நிமிடத்தில் நுழைய வேண்டும் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் அது முறை ஒதுக்கியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு வாசலின் நெரிசலுக்காக, விமானம் கிளம்பும் ஊரிலேயே தரையில் நிறுத்தி வைக்கப்படும். 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்த பிறகு அந்த வானில் கட்டுப்பாட்டுச் சேவையே இல்லாமல் போயிற்று; விமானங்கள் முதலில் அதை முற்றாகத் தவிர்த்தன, பிறகு சில நிறுவனங்கள் நிபந்தனைகளோடு மெல்ல மெல்லத் திரும்பின.

வான்வெளி மூடுவது நேரத்தை எந்த அளவுக்கு நீட்டும் என்பதற்கு ஹெல்சிங்கி–டோக்கியோ தடத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. ரஷ்யாவின் மேல் பறந்தபோது ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் எடுத்த பயணம், 2022க்குப் பிறகு பதின்மூன்று மணி நேரத்தைத் தொட்டது. ஆசியாவுக்கு ஐரோப்பாவின் மிகக் குறுகிய வாசல் ஹெல்சிங்கிதான் என்பதையே மூலதனமாக வைத்து வளர்ந்த ஃபின்ஏர் நிறுவனத்துக்கு அந்த அனுகூலம் ஒரே வாரத்தில் கரைந்தது.

இனி வேகம். பெரிய ஜெட் விமானங்களின் வேகம் ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது. போயிங் 787 ஒலியின் வேகத்தில் 0.85 பங்கிலும், ஏர்பஸ் ஏ320 சுமார் 0.78 பங்கிலும் பறக்கும். பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 56 பாகைக் குளிரில், ஒலி மணிக்கு ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர் போகிறது. ஆக முதலாவது மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர், இரண்டாவது 830. சென்னை–சிங்கப்பூர் போன்ற 2,920 கிலோமீட்டர் தடத்தில் இந்த வேறுபாடு பதினாறு, பதினேழு நிமிடம்தான். ஆனால் இவை சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகங்கள். தரையோடு ஒப்பிட்டால் விமானத்தின் வேகம் என்ன என்பதைக் காற்றே முடிவு செய்கிறது. ஆற்றோட்டத்தில் போகும் பரிசல்காரனின் கணக்குதான் இங்கும்.

8,235 கிலோமீட்டரை 900ஆல் வகுத்தால் 9 மணி 9 நிமிடம். சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்காற்று இருந்தால் அது 9 மணி 41 நிமிடம் ஆகும்; அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 8 மணி 40 நிமிடம். ஒரு தடத்தில் போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு இதுவே விடை. இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. போகும்போது இழந்ததை வரும்போது முழுவதும் மீட்க முடியாது. எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது, பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது. எனவே இழப்பு எப்போதும் ஆதாயத்தை விஞ்சும். 50 கிலோமீட்டர் காற்றில் போய்வரும் மொத்தத்தில் மூன்று நான்கு நிமிடந்தான் கூடும். 150 கிலோமீட்டர் காற்றிலோ போக ஏறத்தாழ 11 மணி நேரமும் வர 7 மணி 50 நிமிடமும் ஆகி, காற்றே இல்லாத நாளைவிட மொத்தத்தில் அரை மணி நேரம் கூடிவிடும்.

150 என்பது கற்பனை எண் அன்று. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலே, கங்கைச் சமவெளிக்கும் இமயத்துக்கும் இணையாக, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று பல நாட்களில் அதைத் தாண்டும். சென்னை–லண்டன் விமானம் சிந்துவை நெருங்கும்போது இந்தக் காற்றை எதிர்கொள்கிறது. மேலும் வடக்கே போனால் ஐரோப்பாவின் மேலுள்ள துருவ ஜெட் காத்திருக்கிறது. ஆகவே லண்டனுக்குப் போகும் பயணம் அட்டவணையில் பத்தரை, பதினோரு மணி நேரத்தை ஒட்டியும் திரும்பி வரும் பயணம் பத்து மணி நேரத்தை ஒட்டியும் அமைகிறது. தனித்தனி நாட்களை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு இன்னும் விரியும், சில நாட்களில் சுருங்கவும் செய்யும்.

தெற்கே வந்தால் காற்றின் திசை மாறுகிறது. இது தமிழ்நாட்டுக்கே உரிய விஷயம் என்பதால் சற்று நின்று சொல்லலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அதே மாதங்களில், தென்னிந்தியாவின் மேலே பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் கண்டறிந்து விவரித்த வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் இதுதான். அதன் அச்சு ஏறத்தாழ சென்னையின் அட்சரேகையை ஒட்டியே இருக்கிறது. பயணிகள் விமானங்கள் பறக்கும் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அதன் கீழ்ப்பகுதிதான் கிடைக்கும் என்றாலும், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் விமானத்தைத் தடுக்கவும் அங்கிருந்து வரும் விமானத்தைத் தள்ளவும் அது போதுமானது. ‘கிழக்கே போனால் வேகம், மேற்கே வந்தால் தாமதம்’ என்று அட்லாண்டிக் அனுபவத்திலிருந்து எடுத்து எழுதப்படும் பொதுவிதி வங்காள விரிகுடாவின் மேல் ஆடி, ஆவணியில் தலைகீழாகிறது.

அட்லாண்டிக்கில் அந்த விதி எந்த அளவுக்குப் போகும் என்பதை 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது பார்த்தார்கள். நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று, தரையோடு ஒப்பிட்டால் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறந்து, 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. ஒலியின் வேகத்தை அது தாண்டிவிடவில்லை. காற்றோடு ஒப்பிட்டால் வழக்கமான வேகம்தான். தாண்டியதுபோலத் தெரிந்தது காற்றும் சேர்ந்து நகர்ந்ததால்.

காற்றைப் பயன்படுத்திக்கொள்ள நீண்ட வழியையே தேர்ந்தெடுப்பதும் உண்டு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை வழக்கமான அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாக, கிழக்கு நோக்கி அனுப்பியது. பறந்த தொலைவு சுமார் 15,300 கிலோமீட்டர். பழைய வழியைவிட ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது; மேற்கு வழியில் ஆவதைவிட இரண்டு மணி நேரம் வரை மிச்சம். தொலைவையும் நேரத்தையும் ஒரே வரியில் வைத்து, ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்று காட்டும் எந்தக் கணக்கியாலும் இந்தப் பயணத்தை விளக்க முடியாது.

பறக்கும் நேரம் இவ்வளவு என்றால், பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் அதைவிட அதிகமாக இருப்பது ஏன்? அச்சிட்டிருப்பது சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுக்கும் நொடியிலிருந்து, மறு ஊரில் திரும்பக் கட்டை வைக்கும் நொடி வரையிலான நேரம். பின்னுக்குத் தள்ளப்படுவது, இன்ஜினை முடுக்குவது, ஓடுபாதை முனைவரை ஊர்வது, முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். சென்னையில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தாலும் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றதை விருப்பம்போல் பயன்படுத்த முடியாது. முதன்மை ஓடுபாதையில் காற்று கிழக்கிலிருந்து வந்தால் விமானம் கடலை நோக்கி எழும்பும். சிங்கப்பூர் விமானத்துக்கு அது நேர்வழி. காற்று மேற்கிலிருந்து வந்தால் எதிர்த்திசையில் எழும்பி, திரும்பி வர வேண்டும். சில நிமிடம் போகும். லண்டன் விமானத்துக்கு இது அப்படியே மாறும்.

ஹீத்ரோவின் கணக்கு வேறு. ஆண்டுக்கு 4,80,000 விமானங்கள் என்ற உச்சவரம்புக்குள், இரண்டே ஓடுபாதைகளை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய முழுக் கொள்ளளவில் இயங்கும் நிலையம் அது. இறங்க வரும் விமானங்கள் பாவிங்டன், லம்போர்ன், ஆக்கம், பிகின் என்று நான்கு இடங்களில், ஆயிரம் ஆயிரம் அடி இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமிட்டுக் காத்திருக்கும். அடியில் உள்ளது வெளியேறினால் மேலுள்ளவை ஒவ்வொரு படி இறங்கும். ஓடுபாதை ஒரு நொடியும் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக இந்தக் காத்திருப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. அதிகாலைக்கு முன் வந்து சேரவும் வழியில்லை. இரவு நேரக் கட்டுப்பாடுகள் கடுமையானவை. பின்காற்று தயவால் சீக்கிரம் வந்துவிடும் விமானம், பல நேரங்களில் அந்த ஆதாயத்தை வானத்திலேயே சுற்றிக் கரைக்கிறது.

விமான நிறுவனங்கள் இதையெல்லாம் அறிந்தே அட்டவணை போடுகின்றன. சென்ற ஆண்டுகளின் அதே பருவத்தில் அந்தத் தடத்தில் உண்மையில் ஆன நேரங்களை எடுத்து, பெரும்பாலான நாட்களில் சமாளிக்கக்கூடிய அளவுக்கு இடம் விட்டு நேரத்தைக் குறிப்பார்கள். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் ‘நேரத்துக்கு வந்தது’ என்றே துறை வழக்கம் கொள்கிறது என்பதால், அட்டவணையில் பத்து நிமிடத்தைக் கூட்டுவது தாமதத்தைக் குறைக்கும் மலிவான வழி. ‘இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது பயணிகள் மகிழ்கிறார்கள். அந்த இருபது நிமிடம் முதலிலேயே கூட்டப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயமாக இருக்கும்.

குறுகிய தடங்களில் இந்தத் தரைப்பகுதியே பயணத்தை விழுங்கிவிடுகிறது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலிக்கும் இடையே சுமார் 355 கிலோமீட்டர்தான். 2019 நவம்பரில் இத்தடத்தில் சேவை தொடங்கிய அலையன்ஸ் ஏரும் பின்னர் வந்த இண்டிகோவும் பயன்படுத்தும் ஏ.டி.ஆர். 72 புரொப்பெல்லர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கும். வகுத்துப் பார்த்தால் 43 நிமிடம். அட்டவணையிலோ ஒன்றேகால் மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் இடையே இருக்கிறது. கிட்டத்தட்ட பாதி நேரம் ஏறுவது, இறங்குவது, ஊர்வது, திருப்பங்கள். சிங்கப்பூர் தடத்தில் மூன்றரை மணி நேரக் கணக்கு அட்டவணையில் நாலேகால் மணி நேரத்தை ஒட்டி நிற்கிறது. லண்டனில் அந்தப் பங்கு இன்னும் சுருங்கி, அதன் இடத்தைச் சுற்றுவழியும் காற்றும் எடுத்துக்கொள்கின்றன. எல்லாத் தடங்களுக்கும் ஒரே சராசரி வேகத்தைக் கொடுக்கும் கணக்கிகள் குறுகிய தடத்தில் ஒரு விதமாகவும் நீண்ட தடத்தில் வேறு விதமாகவும் தவறுவது இதனால்தான்.

பயணச்சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தையும் வருகை நேரத்தையும் கழித்துப் பார்ப்பவர்களுக்குக் கடிகாரமும் ஒரு பொறி. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வேறுபாடு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை. சிங்கப்பூரோடு எப்போதும் இரண்டரை. தீர்க்கரேகைப்படி பார்த்தால் சிங்கப்பூர் இன்னும் ஒரு மணி நேரம் பின்னால் இருக்க வேண்டிய ஊர். மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரத்தை வைத்தபோது சிங்கப்பூரும் 1982 தொடக்கத்தில் அரை மணி நேரம் முன்னே நகர்ந்துகொண்டது. விமானம் பறப்பதில் அதனால் மாற்றம் இல்லை; இரவு கிளம்பி விடியலில் இறங்குபவரின் தூக்கத்தில் மட்டும் உண்டு.

நேரடி விமானம் கிடைக்காதவர்களுக்கு, அல்லது அதன் விலை கட்டுப்படாதவர்களுக்கு, இடையில் இறங்கி மாறும் வழிகள் இருக்கின்றன. சென்னை–துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர், துபாய்–ஹீத்ரோ சுமார் 5,500. இரண்டும் சேர்ந்து 8,430. பெருவட்டத்தைவிட 200 கிலோமீட்டர்தான் கூடுதல். தொலைவளவில் துபாய் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது என்று சொல்லலாம். கொழும்பு வழியாகப் போனால் முதலில் எதிர்த்திசையில் சுமார் 650 கிலோமீட்டர், பிறகு 8,710, மொத்தம் 9,360. துபாய் வழியில் பறக்கும் நேரம் நான்கும் ஏழரையுமாகப் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டி வரும், நேரடி விமானத்தைவிட அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரைதான் அதிகம். ஆனால் இரண்டு மணி நேரத்தில் அடுத்த விமானம் கிடைத்தால் பயணம் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடியும். அது தவறி, அல்லது மலிவான சீட்டில், எட்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால் பத்தொன்பதரை ஆகும். கிலோமீட்டர் இரண்டுக்கும் ஒன்றே.